யாராவது முதலில் வரட்டும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் அறிவழகன் வேலை பார்த்த முதலீட்டு நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: ‘கூட்டம் போகாத இடத்துக்கு நாங்கள் போகிறோம்.’ அதே தெருவில் அதே தொழிலில் இன்னும் மூன்று நிறுவனங்கள் இருந்தன. மூன்றின் சுவரிலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். ஊரே கூடித் தனி வழி போனார்கள், என்னத்தைச் சொல்ல! ஒரு வருஷம் எல்லாரும் போனில் பாடம் நடத்தும் கம்பெனிகளில் பணம் போட்டார்கள். மறு வருஷம் பத்து நிமிஷத்தில் வெங்காயம் கொண்டுவந்து கொடுக்கிற கம்பெனிகளில் போட்டார்கள். அதற்கடுத்து ஏ.ஐ. ஒருத்தன் எங்கே கை வைத்தானோ அங்கேயே ஒன்பது பேர் கை வைத்தார்கள். கேட்டால், சொந்தமாக யோசித்துத்தான் வைத்தோம் என்பார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களைத் தேடிப் பிடிப்பதும், நம்பிக்கை வந்தால் அவர்கள் கம்பெனியில் பங்கு வாங்கிப் பணம் போடும்படி மேலிடத்தில் எடுத்துச் சொல்வதும்தான் அறிவழகனின் வேலை. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவரின் மகன் அவன். அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில், ‘இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்’ என்று கோடிக்கணக்கில் தீர்ப்புச் சொல்லுகிற நாற்காலிக்கு வந்திருந்தான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. தைரியசாலியா என்று கேட்டால், அதைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி அதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

போன வருஷம் மாசி மாதத்தில் பூவிழி வந்தாள்.

பூவிழி மரியதாஸின் மகள். மரியதாஸும் அறிவழகனின் அப்பாவும் இருபது வருஷம் ஒரே உப்புப் பாத்தியில் வேலை செய்தவர்கள். அவனுக்கு மரியதாஸ் சித்தப்பா. சொந்தம் கிடையாது, சாமியும் வேறு, தெருவும் வேறு, ஆனாலும் சித்தப்பா. பூவிழி கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் இருந்தாள். அதை விட்டுவிட்டு ஊரில் ஒரு ஷெட் போட்டு, சின்ன மெஷினும் தொட்டிகளும் வைத்துச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் நிறுவனத்தின் பெரிய மேசைமேல் ஒரு பாட்டில் தண்ணீரை வைத்தாள்.

உப்பு எடுத்த பிறகு பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எண்ணெய் மாதிரிக் கனத்திருக்கும், நாக்கில் வைத்தால் வேப்பங்காய் தோற்றுவிடும். மரக்காணத்தில் அதை யாரும் சீந்துவதில்லை. வரப்பை வெட்டி வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். அந்தக் கசப்புத் தண்ணீரிலிருந்து மெக்னீசியம் பிரித்தெடுக்க வழி கண்டுபிடித்திருந்தாள் பூவிழி. மருந்துக்கு வேண்டும், மாட்டுத் தீவனத்துக்கு வேண்டும். புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனி வாங்கிக்கொள்ளவும் தயாராயிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. ஐப்பசியில் தொடங்கினால் பன்னிரண்டு மாதமும் இடைவிடாமல் சரக்குத் தர வேண்டும். மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. ஆகையால் கோடை முடிவதற்குள் நாலு பெரிய குழி வெட்டி, அடியில் கெட்டித் தார்ப்பாய் விரித்து, கசப்புத் தண்ணீரைத் தேக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் பெரிய மெஷினுக்கும் சேர்த்து மூன்று கோடி ரூபாய். ஆனி மாதத்துக்குள் வந்தால் உண்டு. வராவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் கம்பெனியும் போய்விடும்.

அவள் பேசி முடித்ததும் நிறுவனத்தின் தலைவர் சிவப்பிரகாசம் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இன்ட்ரஸ்டிங்மா. ரொம்ப இன்ட்ரஸ்டிங். யாராவது லீட் பண்ணாங்கன்னா நாங்களும் கண்டிப்பா வர்றோம்.”

லீட் என்றால், முதல் ஆளாக வந்து, விலை பேசி, பெரிய தொகையைப் போடுகிறவர். அவர் இறங்கிவிட்டால் மற்றவர்கள் பின்னாலேயே இறங்குவார்கள். பூவிழி அந்தத் தெருவிலிருந்த நாலு நிறுவனத்துக்கும் போனாள், பெங்களூருக்கும் போனாள். எல்லாரும் சிரித்த முகத்தோடு காபி கொடுத்தார்கள். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். யாராவது முதலில் வரட்டும்.

அந்த முதல் ஆளாக இருக்கச் சொல்லி சிவப்பிரகாசத்திடம் சண்டை போட அறிவழகனால் முடியும். அந்த உரிமை அவனுக்கு இருந்தது. அவனுக்கு இந்தத் தொழிலில் ஒரு சந்தேகமும் இல்லை, அதுதான் கொடுமை. மழைத் தண்ணீர் குழியில் கலந்து எல்லாம் கெட்டுவிடாதா என்று சென்னைக்காரன் எவனாவது கேட்கலாம். அறிவழகன் கேட்க வேண்டியதில்லை. கோடை மழை பெய்த காலையில் அப்பா அவனைப் பாத்திக்கு இழுத்துக்கொண்டு ஓடுவார். வரப்பின் தலையில் ரெண்டு விரல்கிடை மட்டும் காலால் தள்ளிவிடச் சொல்லுவார். மேலே நிற்கிற மழைத் தண்ணீர் தானாக வழிந்து போய்விடும். கனத்த தண்ணீர் அடியில் அசையாமல் கிடக்கும். ரெண்டும் லேசில் கலக்காது. பத்து வயதில் தன் காலாலேயே செய்து பார்த்த சங்கதி இது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் ஒரு மனுஷனுக்கு?

ஆனால் பயம் வந்துவிட்டது. ‘ஊர்க்காரப் பொண்ணு, அதான் துள்ளுறான்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொல்லவே மாட்டார்கள். மனசுக்குள் ஆசையை வைத்துக்கொண்டு வாயில் ஒரு குறையைச் சொல்லுவார்கள். எதிராளி அந்தக் குறையை அடித்து நொறுக்கினால் தெம்பு வரும், ஆமாம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் நிறத்தைக் குறை சொல்லுவது போலத்தான் இதுவும்.

சித்திரை கடைசியில் ஒரு நாள் அறிவழகன் கார்த்திகேசனுக்குப் போன் போட்டான். கார்த்திகேசன் கூடப் படித்தவன், பக்கத்து நிறுவனத்தில் அதே வேலையில் இருக்கிறவன்.

“டேய், அந்த உப்புத் தண்ணி கம்பெனி பாத்தியா? என்ன நெனைக்கிற?”

“எங்களுக்கு ஓகேடா. எங்க பெருசு கூட லீட் பண்ணலாமான்னு யோசிக்கிறாரு. உனக்கு அது சொந்த ஊராச்சே, நீ சொல்லு.”

‘கண்ணை மூடிக்கொண்டு போடுடா’ என்று சொல்ல வேண்டிய வாய், பழக்க தோஷத்தில் வேறு ஒன்றைச் சொன்னது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குது. மழ நாலு மாசம் என்ன பண்ணுவாங்கன்னுதான் எனக்கு ஒரு சின்ன டவுட்டு.”

கார்த்திகேசன் மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தான். அவன் “ம்ம்” என்றான். அப்புறம் ரெண்டு பேரும் கிரிக்கெட் பேசினார்கள்.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமைக் கூட்டத்தில் சிவப்பிரகாசம் தொண்டையைச் செருமினார்.

“அறிவு, அந்த மரக்காணம் டீல். பெங்களூர்ல பிரியங்கா இருக்காங்கல்ல, நேத்து பேசினேன். அவங்க வேணாம்னுட்டாங்களாம். மழ சீசன்ல அந்த பிசினஸ் படுத்துடுமாம். அந்த ஏரியாவ உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவங்களே சொல்லிட்டாங்களாம். மார்க்கெட் பூரா இதத்தான் பேசுறாங்க. நீ என்ன சொல்ற?”

பதில் நாக்கு நுனியில் நின்றது. ரெண்டு விரல்கிடை வரப்பு, வழிந்து போகிற மழைத் தண்ணீர், எல்லாம் நின்றது. ஆனால் அவன் யோசித்தான். அந்த ஏரியாவைத் தெரிந்த அந்தப் பெரிய ஆள் யாரோ? உப்பு ஆராய்ச்சி செய்தவராக இருப்பார். அவரே சொல்லியிருக்கிறார், மார்க்கெட்டே சொல்லுகிறது, நான் பத்து வயதில் காலால் மண் தள்ளியதை வைத்துக்கொண்டு பேசுவதா? ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினால் கேட்டு ஓடு என்பார்கள். ஊர் ஓடுகிறது என்று நினைத்துவிட்டான் பாவி.

“வெயிட் பண்ணலாம் சார்,” என்றான்.

அன்று சாயங்காலம் பூவிழிக்குப் போன் செய்தான்.

“இப்போதைக்கு முடியாதும்மா. லீட் யாராச்சும் வந்தா சொல்லு.”

“என்ன டவுட்டுண்ணா? சொன்னீங்கன்னா பதில் சொல்லுவேன்ல.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. டைமிங் சரியில்ல, அவ்ளோதான்.”

அவள் “சரிண்ணா” என்று வைத்துவிட்டாள்.

பணம் வரும் என்ற நம்பிக்கையில் மரக்காணத்தில் மரியதாஸ் முதல் குழியை வெட்ட ஆரம்பித்திருந்தார். அவரும் கூட உப்பு வாருகிற ஐந்து பேரும். பொக்லைனுக்குக் கொடுக்கக் காசில்லை. பகலில் பாத்தியில் வேலை செய்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மண்வெட்டியோடு வந்து வெட்டினார்கள். கம்பெனி ஓடினால் கூலி, இல்லாவிட்டால் இல்லை என்று பேச்சு. ஆனி போனது, ஆடி போனது. தார்ப்பாய் வாங்கப் பணம் வரவில்லை. விரிக்காத குழியில் தண்ணீரைத் தேக்கினால் மண் குடித்துவிடும். கார்த்திகை மாதப் புயலில் பக்கத்துக் கழுவெளி ஏரித் தண்ணீர் ஏறி வந்து குழியின் கரைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுச்சேரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் அறிவழகன் அவ்வப்போது போனில் கேள்விப்பட்டான். ஐயோ பாவம் என்று நினைத்தான். தன்மேல் தப்பிருக்கிறது என்று மட்டும் நினைக்கவில்லை. மார்க்கெட் சொன்னதற்கு அவன் என்ன செய்வான்?

இந்த வருஷம் தை மாதம் சென்னையில் ஒரு ஹோட்டலில் முதலீட்டுக்காரர்களின் மாநாடு. ‘மந்தையில் சேராமல் முதலீடு செய்வது எப்படி’ என்று ஒரு கலந்துரையாடல். மேடையில் பேசினவர்களில் அறிவழகனும் ஒருத்தன். நன்றாகவே பேசினான், கைதட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் கார்த்திகேசன் தட்டோடு வந்து நின்றான்.

“டேய், குஜராத்ல ஒருத்தன் அதே உப்புத் தண்ணி மேட்டர்தான் பண்றான். நாப்பது கோடி வாங்கிட்டான். இப்ப எல்லாரும் நாய் மாதிரி அதத்தான் தேடிட்டு அலையுறாங்க. உங்க ஊருப் பொண்ணு இன்னும் இருக்குதா?”

“இருக்குதுடா. நீங்கதான் அப்பவே லீட் பண்றதா இருந்தீங்களே, ஏன் விட்டீங்க?”

கார்த்திகேசன் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தான்.

“ஏம்பா, நீ சொல்லித்தான விட்டோம்?”

“நானா?”

“மழைல நாலு மாசம் என்ன பண்ணுவாங்கன்னு டவுட்டு இருக்குன்னு நீதான போன்ல சொன்ன? அந்த ஊருக்காரனே சொல்றானேன்னு எங்க பெருசு பின்வாங்கிட்டாரு. பிரியங்கா என்கிட்ட கேட்டாங்க, நானும் சொன்னேன். ஏரியா நல்லா தெரிஞ்ச ஆளு, அந்த ஊர்லயே பொறந்தவன் சொல்றான்னு. உன் பேர மட்டும் சொல்லல, உனக்குச் சங்கடமா இருக்கும்னு.”

தட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அறிவழகன் மனசுக்குள் கணக்குப் போட்டான். தான் கார்த்திகேசனிடம் சொன்னது. கார்த்திகேசன் பிரியங்காவிடம் சொன்னது. பிரியங்கா சிவப்பிரகாசத்திடம் சொன்னது. சிவப்பிரகாசம் தன்னிடமே சொன்னது. உப்பு ஆராய்ச்சிக்காரரும் இல்லை, மார்க்கெட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தெரு முழுக்கச் சுற்றி வந்தது அவனுடைய ஒரே ஒரு வார்த்தைதான், அதுவும் அவனே நம்பாத வார்த்தை. அதைக் கேட்டு அவனே பயந்திருக்கிறான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் கெட்டுத் தொலையட்டும், இவன் வாயால் கெட்டது இன்னொருத்தி.

கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். திரும்பி வந்து சிவப்பிரகாசத்தைப் பிடித்தான். மரக்காணம் கம்பெனியில் நாமே முதலில் இறங்கலாம் சார் என்றான். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“குஜராத்ல போட்டாச்சே! இப்ப என்ன தயக்கம்? அஞ்சு கோடின்னு எழுதிட்டுப் போ. யாராவது முந்திக்கப் போறாங்க.”

மறுநாள் காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு அறிவழகன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை விரட்டினான். இன்னும் ஒன்றும் முழுசாகக் கெட்டுவிடவில்லை, ஐந்து கோடி இருந்தால் நாலு குழியென்ன, எட்டுக் குழி வெட்டலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் முடிவு செய்தான். பணத்தைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னால் அவ்வளவு வலிக்காது என்று ஒரு கணக்கு.

ஷெட்டில் மெஷின் இல்லை. தொட்டிகள் இல்லை. பம்ப்செட் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பூவிழி துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

“வாங்கண்ணா. இடத்தக் காலி பண்ணிக் குடுக்கணும், அதான் பெருக்கிட்டு இருக்கேன்.”

கடிதத்தை நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு மடித்து அவன் கையிலேயே கொடுத்தாள்.

“நான் குஜராத் போறேண்ணா, வியாழக்கிழமை. அந்த நாப்பது கோடி கம்பெனில வேல. மூணு வருஷத்துக்கு இதே தொழில வேற எங்கயும் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“பூவிழி...”

“தை பொறந்த அன்னைக்குதான் போட்டேன். பன்னெண்டு நாள் ஆகுது.”

அறிவழகனுக்கு இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

“மழையப் பத்தி ஒரு பேச்சு கிளம்புச்சே, அத கிளப்புனது நான்தாம்மா. வேணும்னு சொல்லல. சும்மா...”

“தெரியும்ணா.”

“தெரியுமா?”

“வைகாசியிலேயே தெரியும். பிரியங்கா மேடம் போன்ல சொன்னாங்க, உங்க ஊர்ல பொறந்து வளந்தவரே சந்தேகப்படுறாரும்மான்னு. இந்தத் தொழில்ல எங்க ஊருல பொறந்தவரு வேற யாருண்ணா இருக்காங்க?”

“ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டேனே. என்ன டவுட்டுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டீங்க.” அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “அதுக்கு அப்புறமும் ஆனி மாசம் முடியிற வரைக்கும் பாத்தேன். நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு. ரெண்டு விரக்கட மண்ணத் தள்ளுனா மழத்தண்ணி போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? எங்கப்பாகூட நின்னு நீங்களும்தான தள்ளியிருக்கீங்க. நீங்க ஒருத்தர் வாயத் தொறந்தா போதும்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கோபப்படவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அறிவழகன் அழுதுவிட்டான். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை, காலி ஷெட்டில் நின்று விசும்பி அழுதான்.

“நான் சித்தப்பாகிட்டயும் சொல்லிடுறேன். கால்ல விழுந்தாவது...”

“வேணாம்.” இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. “அத மட்டும் பண்ணாதீங்க. ஊர்ல எங்கப்பாவ எப்படிக் கிண்டல் பண்ணாங்க தெரியுமா? மவளுக்கு கொழி தோண்டுனவன்னு. அவரு எல்லார்கிட்டயும் ஒண்ணுதான் சொல்லிட்டு இருக்காரு. சென்னைக்காரனுங்க கைவிட்டானுங்க, ஆனா நம்ம அறிவு மட்டும் நமக்காக அங்க உக்காந்து சண்ட போட்டான்னு. நான்தான் அப்படிச் சொன்னேன். நம்ம ஆளே வுட்டுட்டான்னு சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. நான் வியாழக்கிழமை போயிடுவேன். அவரு இங்கதான இருக்கணும்?”

அவன் கடிதத்தைச் சட்டைப் பையில் செருகினான்.

“இன்னைக்கு வீட்ல சாப்பாடு. நான் ஊருக்குப் போறேன்னு குழி வெட்டுனவங்கள எல்லாம் கூப்ட்டிருக்காரு. நீங்க வந்துட்டு சாப்புடாம போனா சந்தேகப்படுவாரு. முகத்தக் கழுவிட்டு வாங்க.”

மரியதாஸ் வீட்டுக் கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வஞ்சிரம் வாங்கிவந்து பூவிழியின் அம்மா அம்சவள்ளி குழம்பு வைத்திருந்தார். அறிவழகனைக் கண்டதும் மரியதாஸ் எழுந்து வந்து ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருஷம் உப்பில் ஊறிய உள்ளங்கை சொரசொரவென்று உரசியது.

“வாப்பா அறிவு! இவன்தாம்பா, நான் சொன்னேன்ல, இவன்தான்.” ஐந்து பேர் பக்கமும் திரும்பினார். “உக்காருப்பா. அம்சவள்ளி, புள்ளைக்குப் பெரிய துண்டமா போடு.”

சோறு வந்தது. குழம்பு வந்தது. அவன் பிசைந்துகொண்டே இருந்தான். எதிர் வரிசையில் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசுக்காரி, மண் சுமந்த ஆறு பேரில் அவள் ஒருத்திதான் பொம்பளை. மூன்று மாதம் கூலியில்லாமல் சுமந்தவள். அவள் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது.

“தம்பி,” என்றாள், “நாங்க வெட்டுன கொழி மேல என்னாப்பா கொற கண்டாங்க அவங்க?”

“நல்லா கேளு,” என்றார் மரியதாஸ். “நீயே சொல்லுப்பா. அந்த ஆபீஸ்ல நீ நமக்காக என்னா பேசினன்னு உன் வாயால சொல்லு. நான் சொன்னா இவங்க பாதிதான் நம்புறாங்க.”

ஐந்து பேரும் சோற்றில் வைத்த கையோடு காத்திருந்தார்கள். அறிவழகன் பூவிழியைப் பார்த்தான். அவள் கதவோரம் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். அவனைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னேன்,” என்றான் அறிவழகன். “மழத்தண்ணி மேலதான் நிக்கும், ரெண்டு விரக்கட மண்ணத் தள்ளுனா வழிஞ்சு போயிடும், கொழிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எல்லாருக்கும் முன்னாடி எழுந்து நின்னு சொன்னேன்.”

அந்தத் திங்கட்கிழமை அந்த அறையில் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கால் நிமிஷம் ஆகியிருக்காது.

“கேக்கல,” என்றான்.

சரஸ்வதி இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போனாப் போவுதுப்பா. எங்களுக்காவ அங்க பேச ஒரு ஆளாவது இருந்துச்சே. அதுவே போதும், நீ சாப்புடு.”

மற்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மரியதாஸ் பெருமையோடு எழுந்து, தன் கையாலேயே அவன் இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.